மாடிப்படிக்குக் குறுக்கே ஒரு ஜீப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில், போடி கடைத்தெருவில் ஓர் ஏலக்காய்க் கடைக்கு மேலே மாடியறையில் தனியாகக் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. குரங்கணிக்கு லோடு ஓட்டும் ஒரு டிரைவர் என் மாடிப்படியை மறித்தே தன் ஜீப்பை நிறுத்துவார். குட்டையான உடம்பு, சாயம் போன காக்கிச் சட்டை. நிறுத்தியதும் சுவருக்கும் ஜீப்புக்கும் நடுவே தானே ஒருமுறை நுழைந்து வெளியே வருவார். என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் சத்தம் போட்டேன். மறுபேச்சில்லாமல் வண்டியைத் தள்ளி நிறுத்தினார். அந்த வாரமே, ஏலக்காய் ஏலம் நடந்த நாளில், பள்ளி விட்டு வந்தபோது முன்பின் தெரியாத மூன்று பேர் குடித்துவிட்டு என் படியில் உட்கார்ந்திருந்தார்கள். நகரவில்லை. அவர்தான் வந்து எழுப்பி அனுப்பினார்.

"ஏலத்தன்னைக்கு வெளியூர் ஆளுக எந்தப் படி கெடச்சாலும் உக்காந்துக்கிருவாங்க டீச்சர். வண்டி குறுக்க நின்னா இங்க படி இருக்கறதே தெரியாது."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லண்ணே?"

"சொன்னா பயந்துக்கிருவீங்க. தனியா இருக்கற புள்ள."

ஜீப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். இறங்கி, இடுக்கில் நுழைந்து பார்த்தார். மறுபடி ஏறி, ஒரு சாண் தள்ளி நிறுத்தினார்.

"கொடை விரிச்சுக்கிட்டு வரணும்ல," என்றார்.

மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.