பிடி என்று கத்தினேன்

எனக்கு எழுபத்து நான்கு வயது ஆகிறது. ஆறு பேரைப் பெற்று, ஆறு பேரையும் வளர்த்தேன். ஒருவரையும் இன்னொரு வீட்டு வாசலில் போய் நிற்க விட்டதில்லை. இரண்டாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம் போனேன். அதனால் இந்தச் சில பக்கங்களை எழுத ஒன்பது நாள் ஆனது. வாயால் சொல்ல வராத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆறாவதாகப் பிறந்த மகள் தேனி அல்லிநகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்றாள், சரி என்று விட்டுவிட்டேன். பிள்ளைகளை ராமநாதபுரம் கடற்கரைக்குச் சுற்றுலா கூட்டிப்போய் வந்தவள், சோற்றைத் தொடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். பெரிய பட்டத்தை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, காலடியில் ஒரு பலகையை வைத்துக் கடல் மேல் ஓடுகிறார்களாம். அவளும் அதைப் படிக்க வேண்டுமாம்.

"நீச்சல நம்ம கெணத்துலயே பழகிட்டேன். பாதி வேல முடிஞ்சுருச்சும்மா."

"மீதி?"

"காத்து. அதுவும் நம்ம ஊர்லதான இருக்கு."

அதில் பொய் இல்லை. ஆனி பிறந்தால் கேரளத்து மலையைத் தாண்டி வரும் காற்று இங்கே வாழையைச் சாய்த்துப் போட்டுவிடும்.

புதுச் சாமான் வாங்க அவள் சம்பளம் காணாது. கடற்கரையில் சொல்லிக் கொடுப்பவர் ஒரு வழி சொன்னாராம். முதலில் சின்னப் பட்டம் ஒன்றை வைத்துத் தரையில் நின்று பழகு, பட்டம் கைக்கு அடங்கிவிட்டால் கடலில் பணம் கட்டிப் படிக்கும் நாள் குறையும் என்று. பலகையும் பழையதுதான். யாரோ அலையில் விளையாடி முடித்து விற்றுவிட்டுப் போன சர்ஃப் பலகை, முனையில் ஒட்டுப் போட்டது. அதைக் கொண்டுவந்து நெல் மூட்டைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்தாள்.

"என்ன மதினி, மாப்பிள பாப்பாகன்னு இருந்தா, துணி தேய்க்கிற பலகைய வாங்கியாந்துருக்காக?"

"ஒன் மருமகன விட இது நல்லா நிமுந்து நிக்கிது பாரு" என்றேன்.

சனி, ஞாயிறுகளில் எங்கள் மேட்டு நிலத்தில் பழகுவாள். விதைக்காமல் கிடக்கும் நிலம், ஓரத்தில் திராட்சைப் பந்தல். வானத்தில் பட்டத்தைப் படுக்க வைத்த எட்டுப் போல வளைத்து வளைத்து ஓட்டுவாள். நான் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பார்ப்பேன். அழகாகத்தான் இருந்தது.

போன ஆனியில் பெரிய பட்டம் ஒன்றைப் பழசாகக் குறைந்த விலைக்கு வாங்கினாள். மூன்று இடத்தில் ஒட்டு. கடலில்தான் விரிக்க வேண்டும் என்று கடற்கரைக்காரர் சொல்லியிருந்தார். ஒட்டு தாங்குமா என்று பார்ப்பதற்காக அவ்வளவு தூரம் போவானேன் என்று இவள் நினைத்தாள்.

"இங்கனயே ஒருக்கா தூக்கிப் பாத்துருவோம். நீ அந்த ஓரத்தப் புடிச்சு நிறுத்திக் குடு, போதும். ரொம்ப இழுத்தா நான் கைப்பிடிய விட்டுருவேன். விட்டா பட்டம் துவண்டு போயிரும். நீ பயப்படாத."

இவ்வளவு தெளிவாகச் சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன்.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஓடப் பழகியதும் மாட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்துவிடுவோம். மாடு மிரண்டால் கயிற்றை விடக் கூடாது. விட்டால் அடுத்தவர் வெள்ளாமையில் விழும், இல்லையென்றால் ரோட்டில் போய் லாரியில் விழும். கயிற்றை விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு அன்றைக்குச் சோறு கிடையாது. இவளுக்கும் ஒரு தடவை போடவில்லை. அப்போது ஏழு வயது.

பட்டம் எழும்பியதும் ஒரு காற்று வந்தது. நாலு எட்டு இழுத்துக்கொண்டு ஓடியது. அவள் விரல்கள் கைப்பிடியிலிருந்து விரிவதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் கத்தினேன்.

"விட்டுராதடி. புடி. புடி."

விரிந்த விரல்கள் மூடிக்கொண்டன. பட்டம் அவளைப் புழுதியில் இழுத்துப் போய்ப் பந்தலின் கல்தூணில் அடித்தது. தோள் எலும்பு முறிந்தது.

தேனி ஆஸ்பத்திரியில் தகடு வைத்துக் கட்டினார்கள். கடற்கரைக்காரர் போனில் கேட்டார், ஏன் கையை விடவில்லை என்று. "பயத்துல கை இறுகிருச்சு சார்" என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு. அண்ணன்மார் வந்து திட்டினார்கள். பட்டம் விடுகிற வயதா என்றார்கள். என் குரலைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். நானும் அவர்களோடு சேர்ந்து திட்டினேன்.

வருசம் ஒன்று ஆகிவிட்டது. அவள் வலது கை காதுக்கு மேலே முழுதாக ஏறாது. மறுபடி காற்று வந்துவிட்டது. பட்டத்தைத் தைத்து வைத்திருக்கிறாள். வருகிற சனிக்கிழமை கடலுக்குப் போகிறாள். போகாதே என்று நான் சொல்லவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் கன்றுக்குட்டி மிரண்டு இழுத்தது. கயிறு அவள் இடது கையில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முற்றம் முழுக்க இழுபட்டாள். கயிற்றை விடவே இல்லை. கையைப் பார்த்தேன், தோல் உரிந்திருந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. கடலில் கல்தூண் இல்லைதான். ஆனால் அங்கேயும் இந்தக் கைதானே பட்டத்தைப் பிடிக்கப் போகிறது.

அன்றைக்கு நான் கத்தியது தப்பு, இழுத்தால் விட்டுவிடு ஆத்தா, விட்டுவிட்டு வந்தாலும் என் வீட்டில் சோறு உண்டு. இதைத்தான் சொல்ல வேண்டும். இத்தனை வயதில் பெற்ற பிள்ளை ஒருவரிடமும் என் தப்பு என்று நான் சொன்னதில்லை. காலையிலிருந்து இரண்டு தடவை அவள் பக்கத்தில் போய் நின்றுவிட்டு, சும்மா வந்துவிட்டேன்.

பெரியவன் மகள் வந்திருக்கிறாள். காகிதத்தை அவளிடம் கொடுக்கப் போகிறேன்.

இந்தா தாயி, எழுதுனது சரியா இருக்கான்னு மொதல்லருந்து வாசி. ஒன் அத்த அங்கன அடுப்படியிலதான் நிக்கிறா. அவளுக்குக் கேக்குற மாதிரி வாசி.