இல்லையென்று சொன்ன நோட்டு

என் மனைவியின் அண்ணன் இருதயம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கத்தோலிக்கக் கோயில் உபதேசியாராக இருந்தார். ஜெபம் சொல்லிக்கொடுப்பது பாதி வேலை. மீதிப் பாதி, கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டு வாசல்களில் கண்ணேறுக்காகத் தலைகீழாய்த் தொங்கும் கற்றாழையைக் குடைக் கொக்கியால் இழுத்து எறிவது. 1934-ல் மம்சாபுரத்தில் ஒரே நாளில் பதினேழு வாசல். அதைச் சொல்லத்தான் புதிதாக வந்திருந்த எச்சேவெரி சாமியாரின் அறைக்குப் போனார். போன இடத்தில், கதவின் உள்பக்கம் கையகலக் காய்ந்த முள்பூ ஒன்று ஆணியில் தொங்கியது.

“சாமி, இது என்னது?”

சாமியாருக்கு இருபத்தெட்டு வயது. முகம் சிவந்துவிட்டதாம். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள மலையில் பிறந்த பாஸ்க் இனத்தவர் அவர். “என் அம்மா கொடுத்தது. இரவில் வரும் தீயவை இதன் முள்ளை எல்லாம் எண்ணி முடித்தால்தான் உள்ளே வரலாம். அதற்குள் விடிந்துவிடும்” என்றார், புத்தகத் தமிழில்.

மச்சான் கையிலிருந்த குடையைப் பார்த்தார். “பதினேழு வாசல்ல பிடுங்கிட்டு வந்து நிக்கேன். காலையிலயே சொல்லியிருக்கப்படாதா சாமி?”

அப்படித்தான் ஆரம்பித்தது. வியாழக்கிழமைகளில் இருவரும் செண்பகத்தோப்புக்கு நடப்பார்கள். போகும்போது வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பு, திரும்பும்போது சாமியாரின் மலைநாட்டுக் கதை. புயல் வருமுன் கூவி ஆட்டுக்காரர்களை எச்சரிக்கும், உடம்பெல்லாம் முடி மண்டிய காட்டு ராசா. ஓடைக்கரையில் தங்கச் சீப்பால் தலைவாரும் பெண்கள்; அவர்களுக்கு வாத்துக்கால். “நம்மூரு மோகினிக்குக் காலே தரையில பாவாது, சாமி ஊருல வாத்துக்காலா! ரெண்டு பேருக்கும் கால்லதான் கோளாறு” என்பார் மச்சான். நாற்பத்தெட்டு வயதில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, சாமி சொல்லச் சொல்ல எழுதினார்.

அவருக்கு மிகவும் பிடித்தவள் குகையில் வாழும் மலைநாச்சி. அவளுக்கு இரண்டு சட்டம். ஐம்பது ஆடு வைத்துக்கொண்டு நாற்பது என்று சொன்னால், மறைத்த பத்தை அவள் எடுத்துக்கொள்வாள். எதை இல்லை என்கிறோமோ அது அவளுக்கு. இரண்டாவது, அவள் குகைக்குள் போனவன் வெளியே வரும்போது முதுகைக் காட்டக்கூடாது. அவள் முகத்தைப் பார்த்தபடியே வரவேண்டும்.

நான் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். நோட்டு நிறைந்ததும் என்னிடம் கொண்டுவந்தார். “மாப்பிள, பத்திரமா வச்சிரும். பொறவு ஒரு நா நீரு இங்கிலீசுல எழுதணும். இது ஒண்ணுதான் இருக்கு, பாத்துக்கிடும்.” எழுதுகிறேன் என்றேன். சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தேன்.

கற்றாழை பிடுங்குவதை மச்சான் நிறுத்தியிருந்தார். அதுவே காட்டிக்கொடுத்தது. “உபதேசியார் இப்பல்லாம் குடைய விரிக்க மட்டுந்தான் செய்யுதாரு” என்று மம்சாபுரத்தில் கேலி கிளம்பி, கேலி புகாராகிப் பெரிய சாமியார் விசாரணைக்கு வந்துவிட்டார். பொய்த் தேவதைக் கதையெல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறதாமே என்று அவருக்கு யாரோ எழுதிப்போட்டிருந்தார்கள். மச்சானையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். முதல் கேள்வி எனக்கு.

“வாத்தியாரே, நோட்டு உம்மிடம் இருக்கிறதா?”

“இல்லை, சாமி.”

“அப்படி ஒன்று உண்டென்று தெரியுமா?”

“தெரியாது, சாமி.”

இரண்டு தடவை. என் வேலை போய்விடுமே என்ற ஒரே நினைப்பு. மச்சான் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“நோட்டு இருக்கு சாமி” என்றார். “நாந்தான் எழுதுனேன். நாந்தான் கத கேட்டேன், சின்ன சாமி தானாச் சொல்லல. எங்க இருக்குன்னு மட்டும் கேக்காதிய.”

அன்றோடு அவர் உபதேசியார் இல்லை. சின்ன சாமியாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். என் வேலை நிலைத்தது.

மச்சான் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலைக்கு வாசல் காவல் போனார். எட்டு மாதம் நான் பரண் பக்கமே தலை தூக்கவில்லை. யாராவது பார்த்துவிட்டால் என்று பயம்; அதைவிட, எனக்கே அதைப் பார்க்கப் பயம். ஒரு ஞாயிறு மச்சானே வந்தார். “நோட்ட எடும் மாப்பிள, செத்த நேரம் வாசிச்சிட்டுத் தாரேன்.” ஏணி வைத்து ஏறிச் சாக்கைப் பிரித்தேன். உள்ளே கரையான் மண்தான் இருந்தது. அட்டையில் அவர் பெயரின் முதல் எழுத்து மட்டும் மிச்சம்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் மண்ணை விரலால் கிளறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “நீரு இல்லேன்னுட்டீரு, அவ எடுத்துக்கிட்டா. எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து எடுத்திருக்கா பாரும்!” பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: “அம்புட்டும் என் தலைக்குள்ள இருக்கு மாப்பிள. ஞாயித்துக்கெழம தோறும் வாரேன். நான் சொல்லுதேன், நீரு எழுதும்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “பினாங்குல வேலை கெடச்சிருக்கு மச்சான். கப்பலுக்குச் சீட்டு எடுத்தாச்சு.” அவர் முகத்தை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டாம் என்றுதான் அந்த வேலைக்கு எழுதிப்போட்டேன் என்பதைச் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

புறப்பட்ட காலையில், இரவுக் காவல் முடிந்து காக்கிச் சட்டையோடு பஸ்ஸடிக்கு வந்து நின்றார். என் மனைவியின் நெற்றியில் சிலுவை போட்டார். பெட்டியை மேலே ஏற்ற அவரே தோள் கொடுத்தார். டிரைவர் ஹாரன் அடித்தான்.

“போயிட்டு வாரேன் மச்சான்” என்று சொல்லிவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டியபடி பஸ்ஸில் ஏறினேன்.