சர்க்கரை போடாத டிராமிசு

விடியுமுன் நோன்புக்காகச் சஹர் உணவு சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவி முடித்து, தயிரைத் துணியில் மூட்டை கட்டிக் குழாயில் தொங்கவிட்டாள் ஷகிலா. டிராமிசுவில் போடும் சீஸுக்குப் பதில் இது.

மகள் ஹுமேராவை அவள் கணவன் வேண்டாமென்று பெங்களூரிலிருந்து அனுப்பி இருபத்து மூன்று நாளாகிறது. நோன்பு வைக்கிறாள், தொழுகிறாள், கொடுத்ததைத் தின்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. “புடிச்சதச் செஞ்சு குடுங்கம்மா, பேச்சு தானா வரும்” என்றார் டாக்டர். கல்யாணமான புதிதில் ஹுமேரா போனில் புகழ்ந்தது டிராமிசு என்ற இந்த இத்தாலி இனிப்பைத்தான்.

தையல் கடைக்குக் கிளம்பிய ஷகிலாவின் கணவர் காஜா எட்டிப் பார்த்தார். “தயிரு, ரஸ்க்கு, டிக்காஷன். இதுக்கா இத்தாலி வரைக்கும் போன?”

“நோம்பு வெச்ச வாயில கேலி பேசாம, பஸ் ஸ்டாண்டு பக்கம் கொக்கோ பவுடரு வாங்கியாங்க.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “பேசிடுவாளா?”

“நல்லா இருந்தா பேசாமயா இருப்பா?”

சர்க்கரையோடு பச்சை முட்டையை அடிக்கச் சொன்னது போனில் ஓடிய செய்முறை வீடியோ. பச்சை முட்டை என்றாலே ஷகிலாவுக்குக் குமட்டும். வீடியோவில் அந்த இடத்தைத் தள்ளிவிட்டாள். டீயில் ஊறவைக்கும் பழக்கத்தில் டிக்காஷனில் ஊறவிட்ட முதல் வரிசை ரஸ்க் கூழாகிவிட, மறுபடி அடுக்கினாள். தயிரும் பாலேடும் ஒரு அடுக்கு, ரஸ்க் ஒரு அடுக்கு. நோன்பு என்பதால் ருசி பார்க்கவில்லை. பிரியாணிக்கு உப்பு எவ்வளவு என்று எந்த ரமலானிலும் அவள் கைக்குத் தெரியும். இந்தப் பண்டத்துக்குக் கையில் கணக்கில்லை.

சாயங்காலம் நோன்பு திறந்து கஞ்சி குடித்ததும் ஒரு துண்டைத் தட்டில் வைத்து ஹுமேராவின் அறைக்குக் கொண்டுபோனாள்.

ஹுமேரா தின்றாள். ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. பாதிக்கு மேல் போய்விட்டது.

“புடிச்சிருக்கா கண்ணு? அத்தாவக் கூப்புடட்டா?”

தட்டின் ஓரத்திலிருந்து விரலால் வழித்துத் தன் வாயில் வைத்தாள் ஷகிலா. தயிர்ப் புளிப்பு. டிக்காஷன் கசப்பு. முட்டையோடு சர்க்கரையையும் சேர்த்துத் தள்ளிவிட்டிருக்கிறாள்.

ஹுமேரா அடுத்த கரண்டியை வாயில் வைத்தாள். முகம் சுளிக்கவில்லை.

“வேணாம், துப்பிடு. சக்கரயே போடல.” கரண்டியைப் பிடுங்கினாள். “இந்தக் கசப்புகூடவா தெரியல? கண்றாவியா இருக்குன்னு சொல்லு. கிறுக்கச்சின்னு திட்டு. எதையாச்சும் சொல்லுடி.”

கரண்டி போன கையை மடியில் போட்டுக்கொண்டு ஹுமேரா உட்கார்ந்திருந்தாள்.

ஷகிலா தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.