நான்கு கையெழுத்துகள்

கையெழுத்து என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கோட்டை விட்டேன்.

வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் மனுக்களைச் சரிபார்ப்பது என் வேலை. "கையெழுத்து எங்கம்மா? போட்டுக்கினு வாங்க" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரையாவது திருப்பி அனுப்புவேன். மனைவிக்கு ஜவுளிக்கடையில் வேலை, வீடு திரும்ப ஒன்பதாகிவிடும். அதனால் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளின் பள்ளி டைரி என் இலாகா. சாயங்காலம் அவள் அதை நீட்டுவாள். டிவியில் செய்தியைப் பார்த்துக்கொண்டே 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் போட்டுத் தருவேன். பிள்ளை படிப்பில் அக்கறையுள்ள மனுஷன் என்று அக்கம்பக்கத்தில் எனக்குப் பெயர். அதை நானும் நம்பினேன்.

ஆடி முடிந்த சமயம், டைரியில் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'கையெழுத்தைக் கவனிக்கவும்.' எனக்குச் சுருக்கென்றது. அவசரத்தில் கோழி கிளறியது போல் போட்டுவந்தேன், அதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அன்று இனிஷியலோடு முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே வரி. தேதியும் சேர்த்துப் போட்டேன். மூன்றாம் முறை 'தயவுசெய்து' என்று ஒரு சொல் கூடியிருந்தது. "இந்த டீச்சர் எங்க ஆபீஸையே மிஞ்சிடுவாங்க போல" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன், பெயருக்கு அடியில் ஒரு கோடும் இழுத்தேன். நான்காம் முறை கோபம் வந்துவிட்டது. அடைப்புக்குறிக்குள் 'தந்தை' என்றும் எழுதி அனுப்பினேன்.

ஐப்பசியில் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்குப் பெற்றோர் யாராவது வந்து, தங்களுக்குத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமாம். சும்மா இருப்பேனா? அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். எனக்குத் தெரிந்தது மனு ஒன்றுதான். லீவு லெட்டர் எழுதுவது எப்படி என்று ஆரம்பித்து, போர்டில் அனுப்புநர், பெறுநர் எல்லாம் பெரிதாக எழுதி, கடைசியில் 'கையெழுத்து' என்று முடித்தேன்.

"இதை யார் படிக்கிறீங்க?" என்றதும் கைகள் உயர்ந்தன. என் மகள் முதல் பெஞ்சில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். பெருமைக்காக அவளையே எழுப்பினேன்.

அவள் இருந்த இடத்திலிருந்து படிக்கவில்லை. பெஞ்சை விட்டு வெளியே வந்தாள். என்னிடம்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப் போய், போர்டில் மூக்கு இடிக்க நின்று, தலையை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "கை... யெ... ழு... த்து." திரும்பியபோது மூக்கு நுனியில் சாக்பீஸ் தூள். எத்தனையோ சாயங்காலம் அந்தத் தூளை நான் துடைத்துவிட்டிருக்கிறேன், விளையாட்டுப் புத்தி போகவில்லையே என்று திட்டிக்கொண்டே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வகுப்பில் ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. ஒரே வீட்டில் இருக்கும் எனக்குத்தான் புதிது.

பெல் அடித்ததும் டீச்சரிடம் போனேன். கோபத்தை அவர் மேல் காட்டுவது சுலபமாக இருந்தது.

"ஏன் டீச்சர், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நாலு வாட்டி எழுதினேனே சார். பாப்பா நோட்டைப் பாத்தீங்களா? கோட்டு மேலயே எழுத மாட்றா, கையெழுத்து கோணிக்கினே போவுது. என்னான்னு வந்து கேப்பீங்கன்னு பாத்தேன்." டைரியைப் புரட்டிக் காட்டினார். "நீங்க கையெழுத்து போட்டு அனுப்பிட்டே இருந்தீங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் கண்ணுன்னே எழுதியிருக்கணும் சார்" என்றார்.

நான்கு சிவப்பு வரிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே என் பெயர், ஒன்றைவிட ஒன்று பெரிதாக. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மறுநாள் கண் டாக்டர் வெகுநேரம் சோதித்தார். "ரெண்டு கண்ணுலயும் பவர் இருக்கு, இடது கண்ணுல ஜாஸ்தி. அந்தக் கண்ணை இவ யூஸ் பண்றதே கம்மி, அது சோம்பேறியாயிடுச்சு. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை தினம் கொஞ்ச நேரம் மூடி வெச்சுப் பழக்கணும்."

"முழுசா வந்துடுங்களா?"

"இன்னும் சின்னதுல கூட்டினு வந்திருந்தா தைரியமா சொல்லுவேன். பாக்கலாம்."

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது மனைவிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கண்ணு கெட்டப்புறம் சூரிய..." என்று ஆரம்பித்தவள், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பிறகு இருவரும் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் பள்ளி விட்டதும் மகளை நேரே கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போய், புதுக் கண்ணாடியை மாட்டி, வண்டியில் வீட்டுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவள் சுற்றிலும் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு என் தோளைத் தட்டினாள்.

"ப்பா, மலை மேல அவ்ளோ கூரா இருக்குமா?"

"ஆமாம்மா. அந்த உச்சிலதான் தீபம் ஏத்துவாங்க."

"போன வருஷம் மாடில நின்னு, தீபம் தெரியுதான்னு கேட்டியே, தெரியுதுன்னு சொன்னேன்ல? எனக்கு எங்கன்னே தெரியலப்பா."

வண்டியை ஓரங்கட்டினேன். "பின்ன ஏன் தெரியுதுன்னு சொன்ன?"

"நீங்க எல்லாரும் கும்பிட்டீங்க. நானும் பாக்காமலே கும்பிட்டுட்டேன்."

பொய் சொல்லலாமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பார்க்காமலே நான் போட்ட நான்கு கையெழுத்தும் அவள் முதுகுப் பையில் இருந்தன.