தெரு முழுக்க அம்மன் காசு

போன ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பொம்மிடிக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து, நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தி ஓடி வந்தார். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. "தாலிக்கொடிய அடகு வெக்கப் போறாராம். நீயாச்சும் வந்து சொல்லு கண்ணு" என்றார்.

விஷயம் இதுதான். அவருடைய வீட்டுக்காரர், அதாவது என் மூத்தார், கணவரின் அண்ணன், அம்மன் படம் போட்ட ஐந்து ரூபாய் காசு ஒன்று வைத்திருந்தார். பல வருடங்களுக்கு முன் அரசாங்கம் வெளியிட்டது. அதற்கு லட்சக்கணக்கில் விலை என்று செல்போனில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. அதில் இருந்த நம்பருக்கு இவர் பேசினார். எதிர்முனையில் பேசியவர் தன்னைப் பெரிய அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, காசைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு, "நாட்டிலேயே கிடைக்காத காசு" என்று பாராட்டினாராம். பணத்தை அனுப்ப வேண்டுமென்றால் முதலில் வரி கட்ட வேண்டுமாம். அந்த வரிக்குத்தான் தாலிக்கொடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாணயமும் டோக்கனும் சேர்க்கிறவள் நான். தருமபுரியில் பழைய சாமான் கடைகளைக் கிளறிக்கொண்டு நிற்பேன். வீட்டில் அதற்கு நடக்கும் கேலி கொஞ்சநஞ்சமல்ல. கேலி செய்வதில் முதல் ஆள் இந்த மூத்தார்தான். காசு விஷயம் என்று வந்தபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

நான் போனபோது அவர் சலவைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். "மாமா, பழசா இருந்தாலோ சாமி படம் இருந்தாலோ அது அபூர்வக் காசு ஆயிடாதுங்க. எத்தன அடிச்சாங்க, எத்தன மிச்சம் இருக்குது, எத்தன பேரு தேடுறாங்க, அதத்தான் பாப்பாங்க" என்றேன். என்னிடமிருந்த பித்தளை டோக்கன் ஒன்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு சினிமாக் கொட்டகையின் சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் அது. கொட்டகையை இடித்தபோது டோக்கன்களை எல்லாம் எடைக்குப் போட்டு உருக்கிவிட்டார்கள். யாரோ திருப்பிக் கொடுக்க மறந்து வீட்டுக்குக் கொண்டுபோன ஒன்றுதான் என்னிடம் வந்து சேர்ந்தது. அதனால்தான் சேகரிப்பவர்கள் அதைக் கேட்டு நச்சரிக்கிறார்கள். ராஜா தலை போட்ட காலணாவோ கூறு கட்டி விற்கும் அளவுக்குக் கிடக்கிறது.

அவர் டோக்கனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "ஏம்மா, இந்தக் காசு கடையில வருதா? பஸ்ஸுல வருதா? வேற யாரு கையிலயாச்சும் நீ பாத்திருக்கியா? எனக்கு ஒண்ணு வருதுன்னா உனக்குப் பொறுக்கல, அவ்ளோதான்."

பொறாமைக்காரி என்றதும் சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தக் காசு கடைகண்ணியில் புழங்குவதில்லை. "இன்னிக்கு ஆடி வெள்ளிங்க மாமா. தங்கத்த வூட்டத் தாண்டி எடுத்துட்டுப் போலாமா?" என்று மட்டும் கேட்டேன். வெள்ளிக்கிழமையில் பக்கத்து வீட்டுக்கு உப்புக்கூடக் கொடுக்க விடாத மனிதர். முகம் சுருங்கியது. "சரி, நாளைக்குப் போறேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை விளக்கேற்றும்போதுதான் எனக்கு உறைத்தது. மூத்தார் அந்தக் காசை வைத்திருந்தது பூஜை அறையில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில். அம்மன் முகம் இருக்கும் காசை யார்தான் டீக்கடையில் நீட்டுவார்கள்? அவர் செய்ததைத்தானே ஊரில் எல்லோரும் செய்திருப்பார்கள்!

மறுநாள் விடிந்ததும் பால் சொசைட்டிக்குப் போனேன். தெருப் பெண்கள் எல்லோரும் பால் ஊற்ற நின்றிருந்தார்கள். "அம்மன் போட்ட அஞ்சு ரூபா காசு யாருகிட்டயாச்சும் இருக்குதா? நிஜ வெல என்னன்னு நான் பாத்துச் சொல்றேன்" என்று பொதுவாகக் கேட்டேன். எல்லோரும் பால் தூக்கைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஆனால் திரும்பி நடக்கும்போது ஒவ்வொருத்தராக என் பக்கத்தில் வந்தார்கள். "எங்க வூட்டுல மட்டும் ஒண்ணு இருக்குது. வெளிய சொல்லிடாத." அடுத்தவர் வந்தார், அதையே சொன்னார். சிரிப்பை அடக்குவது பெரும் பாடாக இருந்தது. எல்லோரையும் மூத்தார் வீட்டு வாசலுக்கு வரச் சொன்னேன்.

வந்தார்கள். மஞ்சள் துணியில் முடிந்தும், விபூதிப் பையில் போட்டும், புடவைத் தலைப்பில் மறைத்தும் கொண்டுவந்தார்கள். மற்றவர் கையைப் பார்த்ததும் முதலில் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். பிறகு யாரோ களுக்கென்று சிரிக்க, வாசலே சிரித்தது. ஓரகத்தி ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். காசுகள் விழ விழ, தட்டில் இடமில்லாமல் அம்மன்கள் ஒருவர் மேல் ஒருவராக உட்கார்ந்தார்கள். மூத்தார் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் காசு எது என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. அதே அதிகாரி. மூத்தார் போனை என்னிடம் நீட்டினார். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"வரி ரெடியா சார்?"

"ரெடிங்க. எங்க தெருவுலயே ஒரு தட்டு நெறைய காசு இருக்குதுங்க. எல்லாத்தயும் நீங்களே எடுத்துக்கங்க. வர்ற பணத்துல வரியக் கழிச்சுக்கிட்டு மீதியக் குடுங்க."

எதிர்முனையில் குரல் இறங்கியது. "மேடம், அதுக்கு ரூல்ஸ் இல்ல" என்றார். "அப்போ உங்க ஆபீஸ் எங்கன்னு சொல்லுங்க. தட்டோட நாங்களே வர்றோம்" என்றேன். லைன் துண்டிக்கப்பட்டது. மூத்தார் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். சுவிட்ச் ஆஃப். தெருவே கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு போட்டியில்கூட ஜெயித்ததில்லை நான். அன்று ஊருக்கே ராணி மாதிரி இருந்தது.

மூத்தார் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். அதை மனைவியிடம் கொடுத்துவிட்டு, தலையைத் தூக்காமலே, "எல்லாருக்கும் டீ போடு" என்றார். அக்கா டீ போடப் போகவில்லை. அங்கேயே, எல்லோர் முன்னாலும், டப்பாவைத் திறந்து தாலிக்கொடியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்தார்.

என் நாணயப் பெட்டியில் இருப்பவற்றுக்கு என்ன விலை போகும் என்று இப்போதும் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். இந்தப் பைத்தியத்தால் எனக்குக் கிடைத்தது அக்கா கழுத்தில் இருக்கிறது, அதற்கு விலை சொல்ல எனக்குத் தெரியாது.