பன்னிரண்டு மஞ்சள்கருவும் ஒரு வயிறும்

எட்டு விசைத்தறி. அடுத்தவன் ஆகாது என்று கழித்துப் போட்டதை வாங்கி, பல்சக்கரம் ஒவ்வொன்றாக மாற்றி ஓடவைத்தது. அடியில் பாறை என்று மூன்று பேர் கைவிட்டுப் போன இடத்தில் ஒரு போர். இன்றைக்கும் தண்ணீர் வருகிறது. இரண்டு தட்டு வீடு. அதற்குப் படம் வரைய எவனையும் கூப்பிடவில்லை, சுண்ணாம்புக் கட்டியால் நானே தரையில் கோடு போட்டுக் கொத்தனாருக்குக் காட்டினேன். இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். இத்தனையும் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் செய்தது. இந்த வரிசையில் கடைசியாக ஒன்று உண்டு. என் மகனுடைய வயிற்றில் ஆறு கட்டாகப் பிரிந்து தெரிகிறதே, அதையும் நான்தான் உண்டாக்கினேன். சங்கரன்கோவிலில் இதை ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

தறிக்கூடத்தை ஒட்டி ஒரு நீளக் கூடம் கட்டிப் போட்டிருந்தேன். இன்னும் நாலு தறி இறக்க வேண்டும் என்பது என் திட்டம். மகன் அதில் ஜிம் வைத்தான். முதல் மாதம் கூட்டம் நெரிந்தது. பிறகு ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். காரணம் எனக்கு டீக்கடையில் தெரிந்தது.

"அண்ணாச்சி, ஒம்ம மவனப் பாத்தா நமக்கு ஜிம்முக்கே போவாண்டாம்னு தோணுதுவே. மாஸ்டர் வயிறே முன்னால வந்து நம்மள வாங்கன்னு கூப்புடுது."

சொன்னவன் என்னோடு தறிக்குப் பாவு போட்டவன். சுற்றியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து மகனிடம் சொன்னேன்: "ஏலே, ஆடித் தபசுக்குள்ள ஒன் வயித்துல கோடு விழணும். விழல, அந்தக் கூடத்துல தறி எறங்கும்."

"விழும்ப்பா," என்றான். கோயில் திருவிழாவான தபசுக்கு மூன்று மாதம் இருந்தது.

அவன் பாடுபடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. விடியும் முன்னே எழுந்து ஓடுவான். தரையில் முழங்கையை ஊன்றி, பலகை மாதிரி விறைத்துக்கொண்டு அசையாமல் கிடப்பான். அதற்குப் பெயர் உடற்பயிற்சியாம். நாற்பது வருடம் நின்றுகொண்டே தறி ஓட்டிய எனக்கு அது படுத்திருப்பதாகத்தான் தெரிந்தது. இருந்தாலும் வியர்வை வியர்வைதான். சோற்றை விட்டான். புளியங்குடி எலுமிச்சையைப் பிழிந்து சர்க்கரை இல்லாமல் குடித்தான். தினமும் பன்னிரண்டு அவித்த முட்டை, வெள்ளைக்கரு மட்டும். கூட மதியத்துக்கு ஒரு கிண்ணம் கூட்டு.

ஒன்றரை மாதம் போனது. கை தடித்தது, தோள் அகன்றது, வயிறு மட்டும் அப்படியே இருந்தது.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. தறித் தொழிலில் எத்தனை கிலோ நூல் உள்ளே போகிறதோ, அத்தனை கிலோ சேலையாகவோ கழிவாகவோ வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். பன்னிரண்டு முட்டை உள்ளே வருகிறது, வெள்ளை மகனுக்குப் போகிறது. மஞ்சள் எங்கே? குப்பை வாளியைப் பார்த்தேன், ஓடுதான் கிடந்தது. மறுநாள் அடுப்படி வாசலில் நின்றேன். என் வீட்டுக்காரி பன்னிரண்டு மஞ்சள்கருவையும் கரண்டியால் மசித்து, பாசிப்பருப்புக் கூட்டில் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். பருப்பும் மஞ்சள், கருவும் மஞ்சள். கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

"என்ன காரியம் பண்ணுத?"

"பின்ன, சாக்கடையில கொட்டச் சொல்லுதியளா? பன்னெண்டு கரு! புள்ள வத்தலா காஞ்சு போறான். சத்து வேண்டாமா?"

அவள் வீட்டில் எதையும் கொட்டிப் பழகியவள் இல்லை. பழைய சோற்றுத் தண்ணீரைக்கூட யாருக்காவது குடிக்கக் கொடுத்துவிட்டுத்தான் பானையைக் கழுவுவாள்.

உண்மையை எழுதுகிறேன். மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. கோடு விழாவிட்டால் கூடம் எனக்கு. தறி இறக்கும் ஆளிடம் பேச்சைக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

நாலாம் நாள் காலை ஜிம்முக்குள் போனேன். மகன் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பனியனை இறக்கிவிட்டான்.

"எப்பா, நீங்க தறிய எறக்கிருங்க. நம்ம ஒடம்புக்கு இது வராது போலுக்கு."

நம்ம உடம்பாம். அவன் உடம்பு என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். என்னையும் அல்லவா சேர்த்துக்கொண்டான்!

"எந்த ஒடம்புக்குல வராது? ஒங்கம்மா கூட்ட நிறுத்து, எல்லாம் வரும்," என்றேன்.

கூட்டு நின்றது. ஆனால் கரு நிற்கவில்லையே. தினம் பன்னிரண்டு உருண்டை தட்டில் கிடந்தது. நாய்க்கு வைக்கலாம் என்றேன். "நாய்க்கா?" என்று அவள் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது. தறி ஓட்டுகிறவர்கள் மூன்று நாள் தின்றார்கள், நாலாம் நாள் "மொதலாளி, வாய்வு தாங்கல" என்று கும்பிட்டார்கள். இனி விட்டால் அது மறுபடியும் மகன் தட்டுக்கு வேறு ஏதாவது வேஷத்தில் போய்ச் சேரும். வேறு வழி? நான் உட்கார்ந்தேன்.

காலையில் நாலு, மதியம் நாலு, சாயந்திரம் நாலு. மிளகு போட்டு, உப்புப் போட்டு, கடைசியில் ஒன்றும் போடாமல். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்காது. தண்ணீர் குடித்து இறக்குவேன். ஒரு மாதம்! அவன் வேட்டை நாய் மாதிரி இளைத்தான்; எனக்கு வேட்டி முடிச்சு வயிற்றுக்கு மேலே நிற்காமல் கீழே இறங்கியது. ரத்தம் பார்த்த டாக்டர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படி என்னய்யா சாப்பிடுறீங்க?"

"மவனுக்குச் சிக்ஸ் பேக் சார்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. மாத்திரை எழுதினார்.

தபசுக்கு நாலு நாள் முன்பு மகன் பனியனைக் கழற்றினான். பக்கத்துக்கு மூன்றாக, அச்சு வெல்லம் அடுக்கியது போல ஆறு. தொட்டுப் பார்த்தேன், கல். கூடம் ஜிம்மாகவே இருக்கும் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

தபசுக் கூட்டம் வரும் வழியில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தான். வயிறு தெரிய அவன் நிற்கிறான். கீழே நன்றி: பயிற்சி கொடுத்த ராஜபாளையம் மாஸ்டர், பவுடர் கடைக்காரர், நண்பர்கள். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில், 'அம்மாவின் கைப்பக்குவம்.' நான் இரண்டு தடவை படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றாலும், என் பெயர் அதில் இல்லை என்று தெரியாதா?

"என்னல இது? கூட்டுல கருவக் கலந்தவளுக்கு நன்றி, அதத் தின்னு தீத்தவனுக்கு ஒண்ணும் இல்லையா?"

"எப்பா, நீங்க முட்ட தின்னத எப்படிப்பா ஃப்ளெக்ஸ்ல போட? ஆளுவ சிரிப்பாவ."

"அம்மாவப் போடலன்னா அழுவா," என்றும் சொன்னான். அப்படியானால் அழாதவனுக்கு இந்த வீட்டில் ஒன்றும் கிடையாது.

இப்போது ஜிம்மில் இடமில்லாத கூட்டம். வருகிறவன் எல்லாம் அந்த வயிற்றைப் பார்த்துத்தான் சேருகிறான். ஆகவே மகனிடம் எழுத்திலேயே கேட்கிறேன். நுழைந்ததும் தெரிகிற சுவரில் பெயின்டால் எழுத வேண்டும்: 'இந்த வயிற்றுக்கான மஞ்சள்கரு முழுவதையும் ஒரு மாதம் தின்றவர், மாஸ்டரின் தகப்பனார்.' அம்மாவுக்குப் போட்ட எழுத்தைவிட ஒரு விரற்கடைகூடச் சின்னதாக இருக்கக் கூடாது. பெயின்டரை நானே கூட்டிவருகிறேன்.