காரம் போடாத பன்

பாலிடெக்னிக் நண்பர்களுக்கு, இன்று காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நடந்தது இது.

தொண்டூரில் ஒரு பம்புசெட்டுக்குக் கரண்ட் கொடுக்கப் போகவேண்டியிருந்தது. பன்னைப் பிளந்து, காரச் சட்னி தடவி, மசால்வடையை வைத்து அமுக்கித் தரும் கடையில் நின்றேன்.

எனக்கு முன்னால் ஒரு விவசாயி. “ரெண்டு குடுண்ணே. ஒண்ணுல காரம் வேணாம்.”

“பாப்பாவுக்கா? ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துடுச்சா?” என்றார் கடைக்காரர்.

“பேச்சை அப்புறம் வெச்சிக்கய்யா, பஸ் போயிடும்” என்றேன் நான்.

கடைக்காரர் நீட்டிய இரண்டில் விவசாயி காரம் போட்டதை மட்டும் எடுத்தார். “பாப்பா நேத்து தவறிப்போச்சுண்ணே. பழக்கத்துல கேட்டுட்டேன்.”

அவர் போனபின் கடைக்காரர் மற்றதை என்னிடம் நீட்டினார். “அவசரம்னீங்களே சார், இது ரெடியா இருக்குது.”

வாங்கிக்கொண்டேன். பஸ்ஸையும் பிடித்துவிட்டேன். தொண்டூர் வந்தும் பன் பையில்தான் இருக்கிறது.

நீங்களாக இருந்தால் தின்றிருப்பீர்களா? எழுதுங்கள்.